தர்மிகனுக்குப் பந்து குடுத்தவங்களோ?

2001ஆம் ஆண்டு வசந்தத்தில் ஒரு காலை பெரியம்மா குளியலறைக் கதவைத் திறந்தார். உடுப்புத் தோய்க்கும் மெசினுக்கு மேலே தலையில்லாத ஓர் ஆள் குந்தியிருந்தான். பெரியம்மா கத்தவில்லை. கதவை மெல்லச் சாத்தினார். படுத்திருந்த பெரியப்பாவைத் தட்டி எழுப்பி, உள்ளுக்குள் ஆரோ இருக்கிறான் என்று காதில் சொன்னார். பெரியப்பா வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு போனார். முதல் அடியிலேயே தும்புத்தடி முறிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அது ஒரு தோள்கவசம். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறவர்கள் சட்டைக்குள்ளே போடுவது. ஆமை ஓட்டைக் கழற்றி மனிதனுக்கு மாட்டியது மாதிரி இருக்கும். கழுவிக் காயவைத்திருந்த அதன் சொந்தக்காரர் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் என் பெரியம்மா சிறிதேவிக்கும் பெரியப்பா சற்குணத்துக்கும் ஒரே மகன், தர்மிகன். அப்போது பதினாறு வயது. நோர்வேயில், ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில், அவர்கள் வீட்டுக்கு மேல்மாடி எங்கள் வீடு என்பதால் தும்புத்தடி முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது. இரவுடுப்போடு கீழே ஓடிப்போய் மிச்சத்தைப் பார்த்தேன்.

விசாரணையில் வெளிவந்தது இதுதான். தமிழ் விளையாட்டுக் கழகத்தில் அண்ணா உதைபந்தாட்டம் பழகுகிறார் என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். கழகம் அவரை முந்தைய இலையுதிர் காலத்திலேயே நிறுத்திவிட்டது. அண்ணா பந்தை நோக்கித்தான் ஓடுவார், ஆனால் வழியில் நின்றவர்கள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். கடைசியாக விழுந்தவர் நடுவர். அந்த நடுவர்தான் கழகத் தலைவரும். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, அதே பையைத் தூக்கிக்கொண்டு அதே நேரத்துக்கு வெளிக்கிட்டு, வேறொரு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அங்கே ஊட்வார் என்ற நோர்வேக்காரர் இருந்தார். பகலில் ட்ராம் ஓட்டுவார், மாலையில் பெடியங்களுக்கு இடிக்கப் பழக்குவார். முதல் நாள் அண்ணாவை அங்கிருந்தவர்களில் பெரியவனுக்கு எதிரே நிறுத்தி, இடி என்றாராம். பிறகு நிலத்தில் கிடந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாளைக்கும் வருவாயா என்று மட்டும் கேட்டாராம்.

விளையாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் காணும். பந்து கோழிமுட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி எதிர்ப்பக்கத்துக் கோட்டைத் தாண்டவேண்டும். எதிர்ப்பக்கத்தார் உங்களைப் பிடித்து நிலத்தில் விழுத்துவார்கள். பின்வரிசையிலிருந்து பந்தை வாங்கி ஓடுபவருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். சில அணிகளில் அப்படி இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் பந்தோடு ஓட, மற்றவர் அவருக்கு முன்னால் ஓடி, வருகிறவர்களை இடித்து வழி எடுத்துக்கொடுப்பார். அந்த இரண்டாமவருக்குப் பந்து கிடைப்பது அருமை. எங்கள் பெரியப்பாவுக்கு இந்தக் கடைசி வரியை ஒருவரும் சொல்லவில்லை. மிச்சக் கதை முழுக்க அதனால் வந்தது.

பொய் சொன்னதற்குப் பெரியப்பா ஒரு தண்டனை கண்டுபிடித்தார். அவரும் பெரியம்மாவும் விடியப்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போடுகிறவர்கள். ஒஸ்லோவில் அந்த வேலையைச் செய்யாத தமிழ்க் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். லிஃப்ட் இல்லாத மாடிக் கட்டடங்கள் எல்லாம் இனி அண்ணாவுக்கு என்று தீர்ப்பாயிற்று. கக்கத்தில் பத்திரிகைக் கட்டோடு படி ஏறி, படி இறங்கி, உறைந்துபோன பாதையில் சின்னச் சின்ன அடி வைத்து அடுத்த கட்டடத்துக்கு ஓடி. ஒரு பனிக்காலம் முடிந்தபோது அண்ணாவின் தொடைகள் எந்தக் காற்சட்டைக்குள்ளும் போகவில்லை. இவன் பந்தை ஒருநாளும் கீழே போடுகிறான் இல்லையே, எங்கே பழகினான் என்று ஊட்வார் கேட்டார். பெரியப்பா கொடுத்த தண்டனைதான் அவர் வெறுத்த விளையாட்டுக்கு ஆளைத் தயாராக்கியது என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

குடும்பமாகப் பார்க்கப் போன முதல் போட்டியில், அண்ணா பந்தை வாங்கி ஓடிய முதல் ஓட்டத்திலேயே நாலு பேர் அவர்மேல் விழுந்தார்கள். நாங்கள் திகைத்துப்போய் நின்றோம். பெரியம்மா நிற்கவில்லை. கைப்பையோடு மைதானத்துக்குள் இறங்கி, மேலே கிடந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். குவியலுக்கு அடியிலிருந்து அண்ணாவின் குரல் வந்தது. "அம்மா, ஸ்லாப் ஆவ், பதறாதேங்கோ. இது விளையாட்டு. போய் இருங்கோ." ஊட்வார் வந்து, மணப்பெண்ணை அழைத்துப் போவது மாதிரிப் பெரியம்மாவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அதன் பிறகு பெரியம்மா எல்லாப் போட்டிக்கும் போனார். கைப்பையை மட்டும் என்னிடம் தந்துவிடுவார்.

இந்த விளையாட்டுக்குப் பழக எங்களுக்கு ஒரு வருசம் போதவில்லை. ஆனாலும் பழகிவிட்டோம். கவசத்துக்கு ஒரு ஜம்பரைப் போட்டு, மேலே தலைக்கவசத்தை வைத்து, வரவேற்பறைக் கதிரையில் நான் இருத்தி வைப்பேன். கண் கொஞ்சம் மங்கலான சச்சிதானந்தன் மாமா அதற்கு வணக்கம் சொல்லிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டதும் உண்டு.

2003 இலையுதிர் காலத்தில்தான் ஊட்வார் அந்தப் பேச்சை எடுத்தார். அமெரிக்காவில் பெரிய கல்லூரிகள் ஐரோப்பாப் பெடியங்களைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் சின்னக் கல்லூரிகள் சில பார்க்கும். ஒரு முழுப் போட்டியை வீடியோ எடுத்து அனுப்பவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பருவத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு போட்டி. அண்ணாவுக்கு அமெரிக்காக் கல்லூரியில் ரன்னிங் பேக் ஆகவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத காலம் அது. நித்திரையிலும் ஓடுவார். கட்டில் சுவரில் இடிக்கும்.

வீடியோவுக்கு ஒஸ்லோத் தமிழர் எல்லாரும் யாரிடம் போவார்களோ அவரிடம்தான் அண்ணாவும் போனார். சிறீஸ்கந்தராசா அண்ணை. பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, கலியாணம், பிறந்தநாள் எல்லாம் அவர்தான். போட்டி முழுக்க எடுங்கோ அண்ணை என்று அண்ணா சொன்னார். நீர் ஒண்டுக்கும் யோசிக்காதையும் என்றார் அவர். சொன்னபடி போட்டி முழுக்க எடுத்தார். எடுத்து, வெட்டி, ஒட்டி, இசை போட்டு, நாலு பிரதி அடித்து, மூன்றை ஊட்வார் கொடுத்த முகவரிகளுக்குத் தானே தபாலிலும் போட்டுவிட்டு, நாலாவது பிரதியை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார்.

எல்லாரும் இருந்து பார்த்தோம். முதலில் ஒரு குளம். இரண்டு அன்னங்கள். தாமரை ஒன்று விரிந்தது. அதற்குள்ளிருந்து தலைக்கவசத்தோடு அண்ணாவின் முகம் மெல்ல எழும்பியது. நாதசுரம் ஒலித்தது. தங்க எழுத்தில் 'தர்மிகன்' என்று வந்து, மூன்று தரம் சுழன்று, பூவாய் உதிர்ந்தது. நான் குஷன் ஒன்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

பிறகு போட்டி தொடங்கியது. கமரா அண்ணாவை விட்டு அசையவில்லை. பந்து எங்கேயோ போனது. சனம் எங்கேயோ கத்தியது. ஆரோ கோட்டைத் தாண்டிவிட்டார்கள் போல. திரையில் அண்ணா தண்ணீர் குடித்தார். அண்ணா ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தால் வாங்கு. சப்பாத்துக் கயிறு கட்டினால் கயிறு. பந்தோடு ஓடிய இடமெல்லாம் படம் மெதுவாகி, மேலிருந்து ரோசாப்பூ விழுந்தது. கடைசியில், வந்த சனம் எல்லாரையும் காட்டவேண்டும் என்ற முறைப்படி, பெரியம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றுவதும் மாமாக்கள் ரோல்ஸ் சாப்பிடுவதும் ஆற அமர வந்தது.

நல்லாத்தான் வந்திருக்கு என்றார் பெரியப்பா. அண்ணாவின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"அண்ணை, பந்து எங்கை?"

"பந்தோ?" சிறீஸ்கந்தராசா அண்ணைக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "தம்பி, கலியாண வீட்டிலை மாப்பிள்ளையை விட்டிட்டு ஐயரின்ரை மணியை எடுக்கிறனானே?"

அண்ணா எழும்பித் தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்திய சத்தத்தில் சுவரிலிருந்த மணிக்கூடு நின்றது. நான் வெகுநேரம் கதவுக்கு வெளியே இருந்தேன். பகிடி ஒன்றாவது சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பிறகு வந்ததுதான் எங்களை விறைக்கவைத்தது. ஒரு பின்னேரம் ஊட்வார் மூச்சு வாங்க வீட்டுக்கே வந்தார். அயோவா என்ற மாநிலத்தில், சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரியின் கோச் அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். தனக்கு வருகிற படம் எல்லாவற்றிலும் பெடியங்கள் பந்தோடுதான் ஓடுகிறார்கள், பந்து இல்லாத நேரம் ஒருவன் என்ன செய்கிறான் என்று இதில்தான் முதல்முதல் பார்த்தேன் என்றாராம். ஓர் இடத்தை அவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் பந்து வேறு யாரிடமோ. அண்ணா ஒருவனை இடித்து விழுத்தி, எழும்பி, ஓடிப்போய் இன்னொருவனை இடித்து விழுத்தி, பிறகு திரும்பி வந்து இரண்டு பேருக்கும் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார். ஆளை அனுப்பு என்று சொன்னாராம். பூ எதற்கு விழுந்தது என்றும் கேட்டாராம்.

பெரியம்மா அமெரிக்காவிலே பனி கொட்டுமோ என்று கேட்டார்.

அண்ணா 2004 ஆகஸ்டில் போனார். போக முன் ஒருநாள் பெரியப்பா ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் மீனாட்சிசுந்தரத்தைச் சந்தித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், கம்பியூட்டர் எஞ்சினியர், ஒஸ்லோவுக்கு வர முதல் டெக்சசில் படித்தவர். நாங்கள் கதைக்கிறது அவருக்குப் பாதி விளங்கும், அவர் பேசுகிறது எங்களுக்குப் படம் பார்க்கிற மாதிரி இருக்கும். மகன் ரன்னிங் பேக் என்று பெரியப்பா சொன்னதும் அவர் கையிலிருந்த பால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ரன்னிங் பேக்னா சும்மா இல்ல சார். பந்து எப்பவும் அவன் கைலதான் இருக்கும். மொத்த ஸ்டேடியமும் அவன் பேரச் சொல்லித்தான் கத்தும்."

அந்த வசனத்தைப் பெரியப்பா தமிழர் கூடுகிற மண்டபம் மண்டபமாகக் காவித் திரிந்தார். தூரத்து ஸ்தவாங்கர் நகரத்தில் இருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தவர்களுக்குக்கூடச் சொன்னார். மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் சொல்ல நேரம் எடுத்தது. பந்தைப் பற்றி உடனே சொன்னார்.

கல்லூரி ஒவ்வொரு போட்டியையும் எடுத்து டிவிடியில் பதிந்து கொடுக்கும். அண்ணா அனுப்பி வைப்பார். அந்தப் படங்களில் சத்தம் இல்லை, தூரத்தில் இருந்து எடுத்தது, ஆட்கள் எறும்பு மாதிரி. முதல் வருசம் அண்ணா வாங்கிலேயே இருந்தார். இரண்டாம் வருசம் இறங்கினார். பெரியப்பா தொலைக்காட்சிக்கு ஒரு முழம் தள்ளி நிலத்தில் இருந்து பார்த்தார். பந்து டேரில் என்ற ஒருவனிடம் போனது. அடுத்த தரமும் டேரில். அதற்கு அடுத்த தரமும். அவனுக்கு முன்னால் ஓடிப்போய் யாரையாவது இடித்துக்கொண்டு விழுகிற எறும்புதான் எங்கள் அண்ணா.

பெரியப்பா ரிமோட்டைத் தட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு எந்த மண்டபத்துக்குப் போனாலும் கேள்வி காத்திருந்தது. சாப்பாட்டு வரிசையில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில், ஒருமுறை செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்திலும்.

"என்ன சற்குணம், தர்மிகனுக்குப் பந்து குடுத்தவங்களோ?"

அங்கே அப்படித்தான், முதலில் பழக்குவார்கள் என்று ஒரு வருசம் சொன்னார். வாற வருசம் என்று அடுத்த வருசம் சொன்னார். அங்கேயும் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறாங்கள் போல என்று சச்சிதானந்தன் மாமா ஆறுதலுக்குச் சொன்னதுதான் மோசமாகப் போனது. பெரியப்பா மண்டபங்களுக்குப் போவதைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் சுகம் விசாரிக்க முதல் அதைத்தான் கேட்பார். கோச் தருகிறார் இல்லை அப்பா என்று அண்ணா சொல்வார். பெரியப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, பத்திரிகைக் கட்டுகளை அடுக்கத் தொடங்குவார். அடுக்கினதையே திரும்பவும் அடுக்குவார்.

2007 நவம்பரில் அண்ணாவின் கடைசிப் போட்டி. அதற்குப் பிறகு படிப்பு முடிகிறது, விளையாட்டும் முடிகிறது. பெரியப்பாவும் பெரியம்மாவும் அயோவாவுக்குப் புறப்பட்டார்கள். ஆங்கிலத்துக்கு என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பதினைந்து வயது. பெரியப்பாவின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் விமானம் ஏறவே விட்டிருக்கமாட்டோம்.

போட்டிக்கு முதல் நாள், அண்ணா வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து, பெரியப்பா எங்களைக் கோச்சின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோச் கதவு நிலைக்குக் குனிந்து வருகிற உயரம். கை நீட்டினார். பெரியப்பா கையைப் பிடிக்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறினார். இரண்டு வருசம் தமிழ்ச் சங்கச் செயலாளராக இருந்தவர் அவர். பெரிய மனிதர் ஒருவரிடம் ஒரு காரியத்தைத் தொடங்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எட்டவில்லை. அங்கே கிடந்த கதிரையை இழுத்து, அதில் ஏறி, போர்த்தினார். கோச் இரண்டு கையையும் உயர்த்தியபடி, பொலிஸ் சோதிக்கிறபோது நிற்கிற மாதிரி நின்றார். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரியப்பா கதிரையிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று சொன்னார்.

"சொல்லு பிள்ளை. என்ரை மகன் உங்களுக்காக இத்தனை வருசமா அடி வாங்குறான். ஒருக்கால், ஒரே ஒருக்கால், அவன்ரை கையிலை பந்தைக் குடுங்கோ. அதுக்குத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லு."

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

கோச் என்னைப் பார்த்தார், கதிரையில் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தான் கொடுத்ததாக. இரண்டாம் வருசம் முடிந்த வசந்தத்தில், பயிற்சியில் பந்து தர்மிகனுக்குத்தான் என்று மாற்றியதாக. நன்றாக ஓடினான் என்றும், டேரிலை அவனுக்கு முன்னால் விட்டேன் என்றும், கொஞ்ச நாளில் தர்மிகன் இதே அறைக்கு வந்து, எனக்குப் பந்து வேண்டாம், என்னை முன்னால் விடுங்கள் என்று கேட்டான் என்றும். உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

நான் பெரியப்பா பக்கம் திரும்பினேன்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மற்ற நாட்களில் என்றால் என் வாயில் பத்துப் பொய் வந்திருக்கும். கோச் சொன்னதையே சொன்னேன். பெரியப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வெளியே வரும்போது கோச்சுக்குத் தலை குனிந்து கும்பிட்டார். கோச்சும் பொன்னாடையோடு தலை குனிந்தார்.

பின்னேரம் நாலு பேரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். அண்ணாவின் கழுத்து என் இடுப்பளவுக்குப் பருத்திருந்தது. தட்டில் மலைமாதிரி உருளைக்கிழங்கு. எங்களைக் கண்ட சந்தோசத்தில் அவர் ஏதோ கதைத்துக்கொண்டே போனார். பெரியப்பா மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"கோச் தரேல்லை எண்டு ஏன் பொய் சொன்னனீ?"

அண்ணா முள்ளுக்கரண்டியை வைத்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் உப்புப் போத்தலைப் பார்த்தேன்.

"கோச் தரேல்லை எண்டால் உங்களுக்குக் கோவம் வரும். நான் வேண்டாமெண்டனான் எண்டால் வெக்கம் வரும். கோவம் பறவாயில்லை எண்டு நினைச்சன்."

"ஏன் வேண்டாமெண்டனீ?"

அண்ணா சொல்லத் தொடங்கி, நிறுத்தி, திரும்பத் தொடங்கினார். டேரில் வலு கெதியாக ஓடுவான், ஆனால் அவனுக்கு இடிக்கத் தெரியாது. தோளைக் கொடுக்கவேண்டிய இடத்தில் கையைக் கொடுப்பான். ஒவ்வொரு நாளும் அண்ணாவுக்காக முன்னால் போய் அடி வாங்கினான். ஒருநாள் அவன் தோள் கழன்று நிலத்தில் கிடந்தான்.

"அவன் கிடந்த இடத்தைத் தாண்டித்தான் நான் ஓடினனான். கோட்டுக்கு அங்காலை போய்த் திரும்பிப் பாத்தால் எல்லாரும் எனக்குக் கை தட்டுகினம். அதுக்குப் பேந்து எனக்கு ஏலாமல் போச்சு அப்பா. ஒராள் எனக்காக முன்னாலை விழ, என்னாலை பின்னாலை வர ஏலாது."

"அப்ப நீ விழுந்தால் பறவாயில்லையோ?"

"நான் விழுறேல்லை," என்றார் அண்ணா. பெருமையாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்கிற மாதிரிச் சொன்னார்.

பெரியம்மா தன் தட்டில் இருந்த இறைச்சியை எடுத்து அவர் தட்டில் வைத்தார். நாளைக்குப் பந்து வருமா என்று பெரியப்பா கேட்கவில்லை. ஒஸ்லோவுக்குத் திரும்பி என்ன சொல்வார் என்றுதான் நான் யோசித்தேன். அதைத்தான் அவரும் யோசித்திருப்பார்.

மறுநாள் போட்டியில் எங்களை முதலில் அடித்தது சத்தம். ஒஸ்லோவில் பெடியங்கள் மோதுவதைக் கேட்டிருக்கிறோம். இது வேறு. கல்லில் தேங்காய் உடைக்கிற சத்தம். டிவிடியில் சத்தம் இல்லாததால் இத்தனை வருசமும் எங்களுக்குத் தெரியாது. அண்ணா முன்னால் ஓடுவார், தேங்காய் உடையும், டேரில் அந்த இடைவெளியால் காற்றுமாதிரிப் போவான், சனம் டேரில் டேரில் என்று கத்தும். ஒவ்வொரு உடைப்புக்கும் பெரியப்பாவின் தோள் தானாகத் துடித்தது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். அண்ணா சொன்னது சரி. அவர் விழவில்லை. விழுந்தாலும் விழுந்ததாகவே தெரியாத கெதியில் எழும்பிவிடுவார்.

கடைசிக் கட்டத்தில் அண்ணாவின் பக்கம் தாராளமாக முன்னுக்கு நின்றது. குளிருக்குக் கோச் பொன்னாடையைக் கழுத்தில் சுற்றியிருந்தார். சரிகை மின்னியது. அவர் அண்ணாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அண்ணா தலையாட்டி மறுத்தார். கோச் கையை நீட்டி எங்களைக் காட்டினார். அண்ணா திரும்பி, சனத்துக்குள் எங்களைத் தேடினார். அப்போது டேரில் வந்து அண்ணாவின் நெஞ்சில் கையை வைத்துப் பின்னால் தள்ளிவிட்டு, தான் முன்னால் போய் நின்றான்.

"பிள்ளை," என்றார் பெரியப்பா, "என்ன நடக்குது?"

பந்து அண்ணாவிடம் வந்தது.

நான் பெரியப்பாவின் கையைப் பிடித்தேனா, அவர் என் கையைப் பிடித்தாரா என்று தெரியாது. டேரில் முன்னால் போனான். கையைத்தான் கொடுத்தான். தேங்காய் உடைந்தது. அவன் சரிந்தான். அவன் சரிந்த இடத்தில் வழி திறந்தது. அண்ணா அதற்குள்ளால் வெளியே வந்தார், பந்து கக்கத்தில், சின்னச் சின்ன அடி, பிறகு பெரிய அடி. முழுச் சனமும் எழும்பியது. அவர் பேரைக் கத்தினார்கள். யாருக்கும் சரியாக வரவில்லை, ஆனாலும் அது அவர் பேர்தான். கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டார். அப்போது பக்கத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து வந்து அவரை மூடினார்கள்.

குவியல் கலைந்தது. அண்ணா எழும்பினார். பந்தை நடுவரிடம் போட்டார். கைதட்டுகிற சனத்தைப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பி ஓடினார். அங்கே டேரில் தோளைப் பிடித்தபடி இன்னும் நிலத்தில் இருந்தான். அண்ணா பக்கத்தில் முழங்காலில் இருந்து அவன் தலைக்கவசத்தைக் கழற்றினார். தூரத்திலிருந்தே தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தவன் டேரில்தான். அண்ணாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

என்னால் பார்க்க முடியவில்லை என்றால் பெரியப்பாவாலும் முடியவில்லை. ஆனால் அவர் பார்வையை எடுக்கவும் இல்லை. நேற்றுக் கடையில் அண்ணா சொன்னதை அவர் இப்போதுதான் கேட்கிற மாதிரி இருந்தது.

டேரில் எழும்பினான், கையைச் சுழற்றிக் காட்டினான், ஒன்றும் இல்லை என்று. கோச் எங்கள் பக்கம் திரும்பி ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரு தரம். கோடு பக்கத்தில்தான் இருந்தது. இன்னொரு ஓட்டத்தில் அண்ணா தாண்டிவிடுவார். ஒஸ்லோவுக்குப் போய் ஆயுளுக்கும் சொல்லலாம்.

"காணும் பிள்ளை," என்றார் பெரியப்பா. "கீழை ஓடிப்போய் அந்தாளிட்டைச் சொல்லு. இனிப் பந்து குடுக்கவேண்டாம். அவனை முன்னாலை விடச் சொல்லு."

நான் அவரை உற்றுப் பார்த்தேன். பகிடி விடுகிற ஆள் அவர் இல்லை. கம்பியைத் தாண்டி, ஒருவர் தடுக்க அவர் கைக்குக் கீழே குனிந்து, கோச்சிடம் ஓடிச் சொன்னேன். கோச் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார். அண்ணா எங்கள் வாங்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பா கையை அசைத்தார், முன்னாலை போ என்கிற மாதிரி. அண்ணா முன்னால் வந்து நின்றார்.

மேலே திரும்பி ஏறும்போதே அந்தச் சத்தம் கேட்டது. அண்ணா ஒருவனையல்ல, இரண்டு பேரை விழுத்தியிருந்தார். வழியில் ஒருவருமில்லை. டேரில் அதற்குள்ளால் நடந்தே போயிருக்கலாம், ஓடினான், தாண்டினான். முழுச் சனமும் டேரிலின் பேரைக் கத்தத் தொடங்கியபோது நான் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தேன். அவர் அதற்கு முதலே, தேங்காய் உடைந்த சத்தத்துக்கே, கைதட்டி முடித்திருந்தார்.